நிற்கும் சத்தம்

கல்யாண மண்டபத்து வாசலில் கிருபானந்தம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். படியோரம் சில ஜோடிகள்தான் கிடந்தன.

"இக்கடே வதிலேயண்டி சார். எவரூ எத்துக்கு போரு," என்றார் வாட்ச்மேன்.

"ஒருத்தரும் தூக்கிக்கினு போமாட்டாங்களாம்," என்று மகளைப் பார்த்துச் சிரித்தார் கிருபானந்தம். "கல்யாணத்துலதான் அந்த பயம்."

பிளெஸ்ஸி சிரிக்கவில்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம் என்று அவர் பிடிவாதம் பிடித்ததில், அவருடைய சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கைப்பையில் மாத்திரை இருக்கிறதா என்று இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போன வருஷம் நெஞ்சுவலி வந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்த மனிதர். அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மெதுவா நைனா."

"மெதுவாதானேம்மா போறேன்."

ஆஷாட மாதம். அந்த மாதம் முழுக்க முகூர்த்தம் கிடையாது என்பதால் திருப்பதியில் மண்டபங்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். மகன் ஜாபேஸின் ஒலி நிகழ்ச்சிக்கு இந்த இடம் கிடைத்ததே அதனால்தான். மேடையில் கடைசியாக நடந்த கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள் பாதி உரிந்து நின்றன. மாப்பிள்ளையின் பெயர் முழுசாகப் போய்விட்டிருந்தது. சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டையும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, நான்கு மூலையிலும் ஆள் உயர ஸ்பீக்கர்கள். பழைய சாம்பார் வாசனை மட்டும் எங்கேயும் போகாமல் அப்படியே இருந்தது.

ஜாபேஸ் மேடையில் இல்லை. கூடத்துக்கு நடுவில், தரையில், ஒரு குட்டை மேசைக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மேசையில் லேப்டாப்பும் திருகுகள் நிறைந்த ஒரு பெட்டியும். அவனுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஹார்மோனியம். துருத்தி தானாக ஊதும்படி பின்னால் சின்ன மோட்டார் பொருத்தி, கட்டைகளின் இடுக்கில் தீக்குச்சி செருகி அழுத்தி வைத்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் பாதி எழுந்தான். 'உக்காரு, உக்காரு' என்று கிருபானந்தம் கையால் காட்டினார்.

கிருபானந்தம் ஆர்.டி.சி.யில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் பெரும்பகுதி சித்தூர்–திருப்பதி ரோட்டிலேயே கழிந்தது. டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே யாரையும் எதையும் கேட்டுவிடுவார். மூட்டையில் என்ன, ஆஸ்பத்திரிக்கா, பெண் பார்க்கவா? கேட்பதில் அவருக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது என்று ஜனங்களுக்கும் தெரியும். புத்தலப்பட்டில் ஏறுகிறவரின் மகன் என்ன செய்கிறான் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. அந்தப் பதில்கள் மாறிக்கொண்டே வந்ததை வீட்டுக்கு வந்து வியப்போடு சொல்லுவார். முன்னெல்லாம் டீச்சர் டிரெயினிங், வெல்ல மண்டி என்பார்கள். அப்புறம் குவைத் என்றார்கள். அதற்கப்புறம் பெங்களூர், அமெரிக்கா. அவர்களும் அவரைத் திருப்பிக் கேட்பார்கள். கொஞ்ச காலம் அவரிடமும் நல்ல பதில் இருந்தது. "பெங்களூர்ல சாஃப்ட்வேர். இப்ப ஜெர்மனிக்கு அனுப்பிக்கிறாங்க."

ஜெர்மனியில் ஜாபேஸ் வேலையை விட்டுவிட்டு, சத்தம் சம்பந்தமாக ஏதோ படித்தான். திரும்பி வந்தவன் பெங்களூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, கூப்பிட்ட ஊருக்கெல்லாம் இந்தப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்வந்தான். "கேட்டா கம்ப்யூட்டர் வேலைன்னே சொல்லுங்க," என்றாள் அம்மா எலிசபெத். கிருபானந்தம் அப்படிச் சொன்னதில்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதங்களில் யாராவது கேட்டால், சில்லறை தேடுவதுபோல் தோல்பையைத் துழாவுவார்.

எலிசபெத் வரவில்லை. "பாட்டுன்னா வரேன். வெறும் சத்தத்த கேக்க எதுக்கு திருப்பதி?" என்று அன்று காலையில் சொல்லிவிட்டாள்.

"அவன் வேலைய நான் ஒரு வாட்டிகூட பாத்ததில்ல எலிசா," என்றார் கிருபானந்தம், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "பாக்காத ஒண்ண எப்பிடி திட்டறது?"

ஜமுக்காளத்தில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடியிருந்தார்கள். "படுத்துக்கினு கேக்கலாமா?" என்று ஆச்சரியப்பட்டார் கிருபானந்தம். பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்த அம்மாள் தலையாட்டினார். அவர் பெயர் வரலட்சுமி, வீணை சொல்லித்தருகிறவர் என்பதை அடுத்த இரண்டு நிமிஷத்தில் கிருபானந்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பிளெஸ்ஸி தம்பியைப் பார்த்தபடி, அவன் எப்போது ஆரம்பிப்பான் என்று காத்திருந்தாள். அவன் ஒன்றும் செய்கிற மாதிரித் தெரியவில்லை. எப்போதாவது ஒரு திருகைத் தொட்டான். மற்ற நேரமெல்லாம் தலையைக் குனிந்திருந்தான். கல்லூரியில் அவனுக்குக் கிடைத்த மெடல்கள் இன்னும் சித்தூர் வீட்டு ஷோகேஸில் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"தண்ணி குடிக்கிறீங்களா நைனா?"

"இன்னா?"

"தண்ணீ!"

கத்திச் சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கத்த வேண்டியிருக்கிறது. கூடம் முழுக்கச் சத்தம் நிரம்பியிருந்தது. உட்கார்ந்தபோது இல்லாதது எப்போது இவ்வளவு வளர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. பாட்டென்று சொல்ல அதில் எதுவும் இல்லை. தாளம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. ஒரே ஒரு நீண்ட ஓசை, மூச்சு விடாமல்.

கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு எரிச்சல் வந்தது. வீட்டில் திருத்தாமல் கிடக்கும் ஆறாம் வகுப்புப் பரீட்சைப் பேப்பர்கள் நினைவுக்கு வந்தன. இதற்கா ஜெர்மனி? இதற்கா அம்மா இரண்டு வருஷமாக இவனோடு சரியாகப் பேசாமல் இருக்கிறாள்? கண்ணை மூடினாள். மூடிய பிறகு, அந்த ஓசைக்குள் எங்கோ வெகு தூரத்தில் ஒரு பெண் பாடுவதுபோல் இருந்தது. சொல் புரியவில்லை, ஆனால் பாடுகிறாள். திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். ஒருவரும் வாயைத் திறந்திருக்கவில்லை. மறுபடி மூடி அந்தக் குரலைத் தேடியபோது அது இல்லை. அது எங்கே போயிற்று என்று தேடுவதிலேயே எரிச்சல் மறந்துபோனது.

பக்கத்தில் அப்பா தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். வேண்டாம், வேண்டாம் என்பதுபோல. பிளெஸ்ஸியின் கை தானாகக் கைப்பைக்குப் போனது.

"நைனா, இன்னா பண்ணுது?"

அவர் அவள் காதருகே குனிந்தார். "தலைய இப்பிடி திருப்பு. மெதுவா."

திருப்பினாள். ஓசை மாறியது. அடியில் கனமாக நின்றது அமிழ்ந்து, மேலே மெல்லிய ஒன்று கம்பிபோல் எழும்பியது. திருப்பிக் கொண்டுவந்தாள். பழையபடி ஆனது. ஜாபேஸ் எதையும் தொடவில்லை. அவள்தான் மாற்றினாள்.

"பாத்தியா?" என்றார் கிருபானந்தம். அவர் முகத்தில் பஸ்ஸில் புதிதாக ஏறியவர்களைப் பார்க்கும்போது வருகிற அந்தப் பார்வை வந்திருந்தது. கையை ஊன்றி எழுந்தார். அவள் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பிளெஸ்ஸிக்கு வெட்கமாகப் போய்விட்டது. எல்லாரும் அசையாமல் கிடக்கிற இடத்தில் அவர் மட்டும் எழுந்து, படுத்திருக்கிறவர்களின் காலைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். ஓடுகிற பஸ்ஸில் நடந்து பழகிய நடை; காலை அகட்டி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி. ஒரு மூலைக்குப் போய் நின்றார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அவள் பதறி எழுந்து ஓடினாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா. கைய வச்சிப் பாரு. உள்ள அதிருது."

அவளுக்கும் அதிர்ந்தது. மூலையில் அந்த ஓசை காதில் விழுவதைவிட எலும்பில்தான் அதிகம் விழுந்தது. அங்கிருந்து சுவரோரமாக ஒவ்வொரு அடியாக வைத்து, ஒவ்வொரு அடியிலும் நின்று காதைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டே போனார். மேடையின் பக்கவாட்டில் ஓசை கொதிக்கிற எண்ணெய்போலச் சலசலத்தது. நடுத்தூணுக்குப் பின்னால் அது இரண்டாகப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல அடித்துக்கொண்டது. சமையலறைக் கதவருகே போனவர் சட்டென்று நின்றார். ஒரு அடி பின்னால் வைத்தார். மறுபடி முன்னால் வந்தார். அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"இங்க நில்லு. என் எடத்துல."

நின்றாள். அந்தக் கனமான ஓசை இல்லை. நான்கு ஸ்பீக்கரும் ஓடிக்கொண்டிருந்தன. ஜாபேஸின் ஹார்மோனியங்கள் ஊதிக்கொண்டிருந்தன. ஆனால் அந்த ஓரடி இடத்தில் மட்டும், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. கம்பிபோன்ற அந்த மெல்லிய ஓசை மட்டும் தலைக்கு மேல் நின்றது. இடப்பக்கம் ஒரு அடி நகர்ந்தாள். கனம் திரும்ப வந்து மோதியது.

"எங்க போச்சு?" என்றாள். அவளுக்கே தெரியாமல் கேட்டுவிட்டாள்.

"அதத்தான் நானும் பாக்கறேன்."

இருவரும் மாறி மாறி அந்த இடத்தில் நின்று பார்த்தார்கள். வரலட்சுமி எழுந்து வந்தார். என்ன என்று கண்ணால் கேட்டவரைக் கிருபானந்தம் தோளைத் தொடாமல் கையால் வழிகாட்டி அந்த இடத்தில் நிறுத்தினார். அந்த அம்மாளின் வாய் கொஞ்சம் திறந்துகொண்டது. பிறகு கல்லூரிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் ஒருவரும் படுத்திருக்கவில்லை. எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல், பேசாமல், மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். வாட்ச்மேன்கூட உள்ளே வந்து தூணுக்குப் பின்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

ஜாபேஸ் நிமிர்ந்தான். தன்னைச் சுற்றி எல்லாரும் நடப்பதைப் பார்த்தான். கடைசியில் சமையலறைக் கதவருகே நின்ற அப்பாவைப் பார்த்தான். உதட்டை அழுத்தி மூடிக்கொண்டான். சின்ன வயதில் குடும்ப ஜெபத்தின் நடுவே சிரிப்பு வந்தால் அவன் அப்படித்தான் செய்வான், பிளெஸ்ஸிக்குத் தெரியும்.

எப்போது முடிந்தது என்றும் தெரியவில்லை. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தது. அது அவ்வளவு தெளிவாகக் கேட்டபோதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்று புரிந்தது. யாரோ கை தட்டினார்கள்.

ஏதாவது கேட்கவேண்டுமானால் கேட்கலாம் என்று ஜாபேஸ் தெலுங்கில் சொன்னான். முதல் கை கிருபானந்தத்தினுடையது.

"தம்பி, எனக்கு ஒரு டவுட்டு." மகன் என்று காட்டிக்கொள்ளாமல் கேட்டார். "நீ இத எப்ப ஆரம்பிச்ச?"

"நீங்க செருப்பு கழட்டும்போதே ஓடிக்கினு இருந்திச்சு நைனா."

'நைனா' என்றதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிருபானந்தம் அதைக் கவனிக்கவில்லை. "அப்ப நாங்க பேசனது, வாட்ச்மேன் பேசனது?"

"அதுவும் சேத்திதான்."

"செரி. நடுவுல ஒரு டீசல் வண்டி நியூட்ரல்ல நின்னுதே, அது எந்த டிப்போ?"

ஜாபேஸ் சிரித்தான். "வண்டியே இல்ல நைனா. ரெண்டு ஆர்மோனியப் பெட்டியையும் கொஞ்சம் சுருதி வெலக்கி வச்சிக்கிறேன். ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்கும். அதுதான்."

"இல்லியே. வண்டிதான்."

தனக்கு அது அம்மா ராகி அரைக்கிற எந்திரக்கல்லாகக் கேட்டது என்று வரலட்சுமி தெலுங்கில் சொன்னார். ஒரு பையன் கோயில் என்றான். ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். கிருபானந்தம் ஒவ்வொருவர் பக்கமும் திரும்பி, ஒருவரையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே டீக்கடையில் மூன்று பேரும் நின்றார்கள். ஜாபேஸ் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"எப்பிடி இருந்திச்சு நைனா?"

கிருபானந்தம் டீயை ஆற்றினார். "இரு. ஒரே வார்த்தையில கேட்டா எப்பிடி? நாளைக்கு ஊட்டுக்கு வருவ இல்ல? கறி எடுத்து வைக்கிறேன். துன்னுக்கினே பேசலாம். கேக்க வேண்டியது நெறைய கீது."

"ஸ்பீக்கர திருப்பிக் குடுத்துட்டு மத்தியானம் வந்துடறேன்."

"வா. அந்த கதவுகிட்ட எப்பிடி சத்தம் காணாம போச்சுன்னு நீ சொல்லணும். நானே யோசிச்சு வைக்கிறேன். செரியா தப்பான்னு பாக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் பச்சையப்பன். கிருபானந்தத்திடம் தொழில் பழகியவன். அவரை முன் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, டிக்கெட் போட்டு முடித்து அவர் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டான். இருவரும் பேசுவது பிளெஸ்ஸிக்குப் பின் சீட்டில் விட்டு விட்டுக் கேட்டது. ஜன்னலில் தலையைச் சாய்த்தவள் தூங்கிப்போனாள். சித்தூரில் அப்பாதான் தோளைத் தட்டி எழுப்பினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிளெஸ்ஸி ஆராதனைக்குப் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து போன் வந்தது. போனில் அம்மா பேசவில்லை. பக்கத்து வீட்டு ரத்தினம்மாதான் பேசினாள். அம்மா வீடு அடுத்த தெருதான். பிளெஸ்ஸி செருப்புப் போடாமல் ஓடினாள்.

மாடித் தொட்டி நிரம்பிச் சுவரெல்லாம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மோட்டார் இன்னும் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. கிருபானந்தம் நடு அறைக்கும் சமையலறைக்கும் இடையில், நிலைக்கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கை தரையில் மல்லாந்து கிடந்தது. முகம் கொஞ்சம் மேலே பார்த்திருந்தது. ரத்தினம்மாவின் மகன் அழைத்து வந்த டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை மடித்துப் பைக்குள் வைத்தார்.

வருகிறவர்களுக்கெல்லாம் எலிசபெத் ஒரே மாதிரி சொன்னாள். "காலையில எழுந்து கறி வாங்கி வந்தாரு. நல்லாதான் இருந்தாரு. மோட்டார போட்டுட்டு ஒவ்வொரு ரூமா போயி நின்னாரு. பாத்ரூம்கிட்ட நின்னாரு. பீரோ பக்கத்துல நின்னாரு. இன்னாத்த தேடறீங்கன்னேன். சுத்திச் சுத்தி வந்தாரு. கடசியா அங்க போயி நின்னாரு. அப்பிடியே சறுக்கிக்கினு உக்காந்துட்டாரு."

கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். கடைசி நேரத்தில் அப்படித்தான் புத்தி தடுமாறும் என்றார்கள். அவர் எதைத் தேடினார் என்று பிளெஸ்ஸிக்குத் தெரிந்திருந்தது. அதை எந்த வார்த்தையில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. எல்லாரும் போன ஒரு இடைவெளியில் அந்த நிலைக்கதவுக்கு அருகே போய் நின்றாள். மோட்டாரை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.

வாங்கி வைத்த கறியை ரத்தினம்மா பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு போனாள்.

ஜாபேஸ் மத்தியானம் வந்தான். வழியிலேயே போன் செய்து சொல்லியிருந்தார்கள். முதுகில் மூட்டையோடு வாசலில் நின்றவனை எலிசபெத் ஏறிட்டுப் பார்த்தாள்.

"அலையக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு இல்ல? நீ கூப்ட்ட. போனாரு. வந்தும் சும்மா இருந்தாரா? ஊடு பூரா நடக்க வச்சிட்டியேடா."

"அம்மா…" என்றாள் பிளெஸ்ஸி.

"நீ பேசாத. நீதானே இஸ்துக்கினு போன."

அதற்குப் பிறகு எலிசபெத் மகனோடு பேசவில்லை. அவன் உள்ளே வந்து அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு வெளியே போனான். காம்பவுண்டு சுவரை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் கடைசியில் உட்கார்ந்தான். வந்தவர்கள் அவன் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். சிலர், "இப்ப எங்கப்பா வேல?" என்றும் கேட்டார்கள்.

"அக்கா," என்றான், பிளெஸ்ஸி காபி கொண்டுபோனபோது. "பஸ்ல நைனா எதுனா சொன்னாரா?"

"நான் தூங்கிட்டேன்டா."

அவன் தலையாட்டினான். காபியை வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்தான்.

சென்னையிலிருந்தும் நாயுடுபேட்டையிலிருந்தும் ஆட்கள் வரவேண்டியிருந்ததால் அடக்கம் திங்கட்கிழமை மத்தியானம் என்று முடிவானது. ஐஸ் பெட்டி வந்தது. முன்னறையில் சோபாவை நகர்த்தி, சுவரோரம் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தார்கள். அது உறுமத் தொடங்கியது. கண்ணாடி மூடி அடிக்கடி பனி படர்ந்துகொண்டது. பிளெஸ்ஸி ஒரு துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்ததும் அப்பாவின் முகம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கும். சபைப் பெண்கள் வந்து பாடினார்கள். பாட்டு ஓய்ந்த நேரங்களில் பெட்டியின் சத்தம் மட்டும் அறையில் இருந்தது. இரண்டாம் நாள் காலைக்குள் அது எல்லாருக்கும் பழகிவிட்டது. அதற்கு மேலாகக் குரலை உயர்த்திப் பேசுகிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை சவப்பெட்டி வந்து வாசலில் இறங்கிய பிறகு பச்சையப்பன் வந்தான். டியூட்டியிலிருந்து நேரே வந்திருந்தான். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை. மாலையைக் கண்ணாடிமேல் வைத்துவிட்டு, எலிசபெத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அழுதான். பெரிய உடம்பு குலுங்கியது.

"சனிக்கெழம என் வண்டியிலதான் வந்தாரு அண்ணி. எவ்ளோ குஷி தெரியுமா? அவர அப்பிடிப் பாத்து வருஷமாச்சு."

எலிசபெத் நிமிர்ந்தாள்.

"பையன் இப்ப இன்னா பண்றான்ணான்னு கேட்டேன். சும்மாதான் கேட்டேன். பேசவே இல்ல. ஐயோ, கேட்டிருக்கக் கூடாது போலன்னு நானும் வுட்டுட்டேன். புத்தலப்பட்டு வந்திச்சு, ஆளுங்கள எறக்கி ஏத்திட்டு வரேன், கையப் புடிச்சி பக்கத்துல உக்கார வச்சிக்கினாரு. 'பச்சையப்பா, சத்தம்னா இன்னா? வந்தா ஓடிப்போயிடும். என் பையன் அத நிக்க வைக்கிறான்டா,' அப்பிடின்னாரு. 'அது நிக்குது. நாமதான் எழுந்து நடக்கணும்,' அப்பிடின்னாரு. எனக்கு ஒண்ணியும் புரியல அண்ணி. இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணான்னேன். சிரிச்சாரு."

பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"நடக்கணும்னா சொன்னாரு?" என்றாள் எலிசபெத்.

"ஆமா அண்ணி. நாமதான் நடக்கணும்னாரு."

எலிசபெத் நடு அறையின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பீரோவை, பாத்ரூம் கதவை, சமையலறை நிலையை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மகளிடம் சொன்னாள்:

"அவன உள்ள வரச் சொல்லு. வெயில்ல எதுக்கு உக்காந்துக்கினு கீறான்?"

ஜாபேஸ் வந்தான். இடமில்லாமல், பெட்டியின் தலைமாட்டில், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்தான். பச்சையப்பன் அவன் தோளில் கை வைத்து, அம்மாவிடம் சொன்னதையே அவனிடமும் மெல்லச் சொன்னான். ஜாபேஸ் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். அவன் முகம் பிளெஸ்ஸிக்குத் தெரியவில்லை. காது மட்டும் தெரிந்தது, சிவந்திருந்தது.

போதகர் ஜெபம் செய்து முடித்தார். சவப்பெட்டியை உள்ளே கொண்டுவந்தார்கள். தூக்குவதற்கு நான்கு பேர் வந்து நின்றார்கள். ஐஸ் பெட்டிக்காரன் மாலைகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மூடியின் கொக்கிகளைத் தளர்த்தினான்.

"தம்பி, பின்னால ஸ்விட்ச் இருக்கு பாருங்க. ஆஃப் பண்ணுங்க."

ஜாபேஸின் கை ஸ்விட்ச் போர்டுக்குப் போனது.

"இரு," என்றாள் எலிசபெத்.

கை நின்றது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முட்டியை ஊன்றி நகர்ந்து பெட்டியின் அருகே வந்தாள். உள்ளங்கையை அதன் பக்கவாட்டுத் தகரத்தில் வைத்தாள். தூக்க வந்தவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். போதகர் வேதாகமத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஓரத்தில் விசும்பிக்கொண்டிருந்த பெண்களும் நிறுத்தினார்கள். வாசலில் பேசிக்கொண்டிருந்த ஆண்களுக்கு உள்ளே என்ன என்று தெரியாமலே பேச்சு நின்றது. பெட்டியின் சத்தம் மட்டும் வீடு முழுக்க இருந்தது. ஒருவரும் அசையவில்லை. ஜாபேஸ் அம்மாவையே பார்த்துக்கொண்டு, விரலை ஸ்விட்சின்மேல் வைத்தபடி காத்திருந்தான்.

"ம்," என்றாள் அவள்.

அவன் அழுத்தினான். பெட்டி ஒருமுறை உதறி அடங்கியது. அதன் அடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் மக்கில் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.